நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பவர் - டென்டல் அசிஸ்டென்ட் பயிற்சியின் கதை

போன மாதம் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது அக்கா எனக்கு ஒரு வேலை கொடுத்தாள்.

"டேய் தம்பி, நீ பி.காம் தானே படிக்கிற? ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு. நான் ஒரு வருஷம் டென்டல் அசிஸ்டென்ட் கோர்ஸ் சேர்ந்தா லாபமா நட்டமா?"

அக்கா ப்ளஸ் டூ முடித்த கையோடு ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலைக்குப் போனவள். டோக்கன் கொடுப்பது, போன் எடுப்பது, காசு வாங்கிப் பெட்டியில் போடுவது, இவ்வளவுதான் வேலை என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். ஆறு மாதத்தில் உள்ளே கூப்பிட்டு டார்ச் பிடிக்கச் சொன்னார்கள். அப்புறம் சக்ஷன் குழாய். அப்புறம் சிமென்ட் கலக்க, அளவு எடுக்க மாவு கலக்க, கருவிகளைக் கழுவி ஆட்டோகிளேவில் வைக்க, எக்ஸ்ரே ஃபிலிமைப் பிடிக்க. ஆறு வருஷம் ஆகிவிட்டது. டாக்டர் கையை நீட்டினால் என்ன கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். சம்பளம் மட்டும் ஒன்பதாயிரத்தில் நிற்கிறது. கோர்ஸ் பற்றிக் கேட்டதற்கு டாக்டர் சொன்ன பதில்: "உனக்கு எதுக்கும்மா படிப்பு? அதான் எல்லாம் தெரியுமே."

நானும் பெரிய ஆடிட்டர் மாதிரி பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். ஃபீஸ் 45,000. ஒரு வருஷ சம்பள இழப்பு 1,08,000. மொத்தம் 1,53,000. படித்து முடித்தபின் மாதம் மூவாயிரம் கூடக் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் போட்ட பணத்தை எடுக்க 51 மாதம், அதாவது நாலே கால் வருஷம். "நட்டம்தான்க்கா" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இடது கை கட்டைவிரலைக் காட்டினாள். மரத்துப்போகிற ஊசி போட்ட பிறகு டாக்டர் சிரிஞ்சை அப்படியே ட்ரேயில் வைத்துவிடுவார். மூடியைப் போடுவது இவள் வேலை. ஒரு நாள் அவசரத்தில் மூடியைக் கையில் பிடித்துப் போட்டபோது ஊசி விரலில் ஏறிவிட்டது. "டெட்டால் போட்டுக் கழுவிக்கோ" என்றார்களாம். அந்த நோயாளிக்கு என்ன நோய் இருந்ததோ இல்லையோ என்று நாலு மாதம் தூங்காமல் கிடந்து, கடைசியில் யாருக்கும் தெரியாமல் சொந்தக் காசில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறாள். நல்லவேளை, ஒன்றும் இல்லை. "அந்தக் கோர்ஸ்ல முதல் மாசமே இதைத்தான் சொல்லித் தருவாங்களாம்டா" என்றாள்.

என் கணக்கில் இதற்கு ஒரு காலமே இல்லை. அன்று இரவே படிக்க உட்கார்ந்தேன். இந்த வேலை எப்படி வந்தது, இதற்குப் பயிற்சி என்று ஒன்று எப்போது வந்தது, யார் கேட்டார்கள், யார் தடுத்தார்கள் என்று தேடியதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. பி.காம் படிக்கிறவனுக்குப் பல்லைப் பற்றி என்ன தெரியும் என்று சிரிக்கிற நண்பர்கள் கடைசி வரை படித்துவிட்டுச் சிரிக்கவும் :-)

நியூ ஆர்லியன்ஸ், 1885

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் எட்மண்ட் கெல்ஸ் என்று ஒரு பல் மருத்துவர். 1885இல் இவர் மால்வினா குவேரியா என்ற பெண்ணை வேலைக்கு வைத்துக்கொண்டார். முதல் பெண் டென்டல் அசிஸ்டென்ட் என்று பாடப் புத்தகங்களில் வருவது இவர் பெயர்தான்.

ஏன் ஒரு பெண்ணை வைத்தார்? அந்தக் காலத்தில் அங்கே கௌரவமான குடும்பத்துப் பெண்கள் தனியாகப் பல் டாக்டரிடம் போக மாட்டார்கள். மூடிய அறையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டும் இருப்பது ஊருக்குப் பிடிக்காது. கணவரோ வேலைக்காரியோ துணைக்கு வரவேண்டும். டாக்டர் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்துவிட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. மற்ற டாக்டர்களும் பார்த்தார்கள். 'பெண் உதவியாளர் இருக்கிறார்' என்று ஜன்னலில் போர்டு மாட்ட ஆரம்பித்தார்கள். வாடிக்கையாளர் எண்ணிக்கை கூடியது.

ஆக, இந்த வேலையின் ஆரம்பம் மருத்துவத் தேவை மட்டும் அல்ல. ஒரு பெண் அங்கே நிற்பதே பாதி வேலையாக இருந்தது. நிற்பதற்கு எதற்குப் பயிற்சி? 'எதுக்கும்மா படிப்பு' என்ற கேள்விக்கு 140 வருஷ வயசு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கெல்ஸைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் சாதாரண ஆள் இல்லை. அறுவை சிகிச்சையில் ரத்தத்தையும் நீரையும் உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் பம்ப்பை உருவாக்கியவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 கடைசியில். அடுத்த வருஷமே, 1896இல், கெல்ஸ் அதைப் பல்லுக்குப் பயன்படுத்திக் காட்டினார். கதிர் சரியாக வருகிறதா என்று பார்க்கத் தன் கையையே குறுக்கே நீட்டிப் பார்ப்பது அன்றைய வழக்கம். அந்தக் கதிர் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. வருஷங்கள் போகப் போகக் கையில் புற்றுநோய் வந்தது. பல அறுவை சிகிச்சைகள். முதலில் விரல்கள் போயின, பிறகு கை. வலி தாங்க முடியாமல் 1928இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் டென்டல் அசிஸ்டென்ட்டுக்கான தேசியச் சான்றிதழ் தேர்வில் பல காலமாக மூன்று பகுதிகள் உண்டு. நாற்காலி அருகே செய்யும் வேலை ஒன்று, தொற்றுத் தடுப்பு ஒன்று, மூன்றாவது எக்ஸ்ரே பாதுகாப்பு. அந்த மூன்றாவது பகுதிக்குக் கெல்ஸ் தன் கையையே விலையாகக் கொடுத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அக்கா எக்ஸ்ரே எடுக்கும்போது ஃபிலிமை நோயாளியின் வாயில் தன் விரலாலேயே பிடித்துக்கொள்வாளாம். 1896இல் செய்த அதே தப்பு.

கராஜில் ஒரு காலேஜ்

கராஜில் கம்பெனி ஆரம்பித்தவர்கள் கதை நமக்கு நிறையத் தெரியும். கராஜில் ஆரம்பித்த ஒரு பல் பள்ளிக்கூடத்தின் கதை பலருக்குத் தெரியாது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊர். ஆல்ஃப்ரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவருக்கு ஒரு யோசனை. பல்லைச் சுத்தமாக வைத்திருந்தால் சொத்தை வருவதையே குறைக்கலாம், ஆனால் சுத்தம் செய்துகொண்டே இருக்க டாக்டருக்கு நேரம் இல்லை. எனவே 1906இல் தன் அசிஸ்டென்ட்டாக இருந்த சொந்தக்காரப் பெண் ஐரீன் நியூமனுக்குப் பல் சுத்தம் செய்யும் வேலையைக் கற்றுக்கொடுத்தார். ஊர் டாக்டர்கள் எல்லோரும் இதை ரசிக்கவில்லை. டாக்டர் அல்லாத ஒரு பெண் நோயாளியின் வாயில் கருவி வைப்பதா?

ஓஹையோ மாநிலத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி 1910இல் பல் நர்ஸ்களுக்கும் உதவியாளர்களுக்கும் ஒரு கோர்ஸ் ஆரம்பித்தது. அந்த மாநிலத்து டாக்டர்களின் எதிர்ப்பில் 1914க்குள் அது மூடப்பட்டுவிட்டது. ஃபோன்ஸ் விடவில்லை. 1913 நவம்பரில் தன் கராஜையே வகுப்பறையாக மாற்றிப் பள்ளியைத் திறந்தார். பாடம் நடத்தப் பெரிய பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்களை அழைத்துவந்தார். மாணவிகளில் பள்ளி ஆசிரியைகள் இருந்தார்கள், நர்ஸ்கள் இருந்தார்கள், பல் டாக்டர்களின் மனைவிகளும் இருந்தார்கள். 1914 ஜூனில் 27 பேர் படித்து முடித்து வெளியே வந்தார்கள். பலர் அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் வேலைக்குப் போனார்கள்.

ஃபோன்ஸ் செய்த இன்னொரு காரியம், பெயர் வைத்தது. 'பல் நர்ஸ்' என்ற பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. நர்ஸ் என்றால் நோய் ஞாபகம் வரும், இவர்கள் நோய் வராமல் தடுப்பவர்கள் அல்லவா? அதனால் 'டென்டல் ஹைஜீனிஸ்ட்' என்று பெயர் வைத்தார். 1917இல் அந்தப் பெயரில் உலகத்தின் முதல் லைசென்ஸ் ஐரீன் நியூமனுக்குக் கிடைத்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1906இல் ஐரீன் நியூமனும் ஓர் அசிஸ்டென்ட்தான், நம்ம அக்கா மாதிரி. கை வேலை அப்போதே தெரியும். 1917இல் என்ன மாறியது? பாடம், தேர்வு, லைசென்ஸ், ஒரு பெயர். அதற்குப் பிறகு அவரை யாரும் 'அந்தப் பொண்ணு' என்று சொல்லி முடித்துவிட முடியாது.

தாங்களே கேட்டு வாங்கியவர்கள்

ஹைஜீனிஸ்ட் தனி வழியில் போய்விட்டார். நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிற அசிஸ்டென்ட் அங்கேயே நின்றார். அவருக்காக எந்த ஃபோன்ஸும் கராஜைத் திறக்கவில்லை. அசிஸ்டென்ட்களே சேர்ந்துதான் செய்ய வேண்டியிருந்தது.

நியூயார்க்கில் வேலை பார்த்த ஜூலியட் சதர்ட் என்ற அசிஸ்டென்ட் முதலில் தன் ஊரில் ஒரு சங்கம் அமைத்தார். 1924இல் டல்லஸ் நகரத்தில் அமெரிக்க டென்டல் அசிஸ்டென்ட்கள் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவர் ஆனார். அந்தச் சங்கம் தன் கொள்கையாக வைத்துக்கொண்ட நான்கு சொற்களில் முதல் சொல் 'கல்வி'. சம்பளம் என்ற சொல் அதில் இல்லை. எனக்கு முதலில் இது விசித்திரமாக இருந்தது, சங்கம் என்றாலே சம்பளம்தானே? யோசித்துப் பார்த்தால் சதர்ட் கெட்டிக்காரர். படிப்பு இல்லாமல் சம்பளம் கேட்டால் 'இந்த வேலையை யாரும் செய்வார்கள், நீ போகலாம்' என்று பதில் வரும். யாரும் செய்துவிட முடியாது என்று முதலில் நிரூபிக்க வேண்டும்.

அந்தச் சங்கம் சான்றிதழ் வழங்கத் தனியாக ஒரு வாரியம் அமைக்க 1948 ஆனது. சங்கம் பிறந்து 24 வருஷம் கழித்து! பிரிட்டன் கதை இதைவிட மெதுவானது. அங்கே அசிஸ்டென்ட்களின் சங்கம் 1940இல் வந்தது, தேர்வு வாரியம் 1943இல். ஆனால் அங்கே டென்டல் நர்ஸ் என்று அழைக்கப்படும் இவர்கள் கட்டாயம் அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தது 2008இல்தான். தேர்வுக்கும் பதிவேட்டுக்கும் நடுவில் 65 வருஷம். ஒருத்தர் வேலைக்குச் சேர்ந்து, ரிடையர் ஆகி, பேரன் பேத்தி எடுத்துவிடலாம்.

நியூசிலாந்தின் வெள்ளை உடுப்பு

இதற்கு நடுவில் உலகத்தின் இன்னொரு மூலையில் வேறு ஒரு பரிசோதனை நடந்தது. முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது நியூசிலாந்து இளைஞர்களின் பல் எவ்வளவு மோசம் என்று அந்த நாட்டுக்குத் தெரிந்தது. ராணுவத்தின் பல் மருத்துவப் பிரிவை நடத்திய தாமஸ் ஹன்டர், போர் முடிந்ததும் சொன்னார்: பள்ளிக்கூடத்திலேயே பல்லைப் பார்த்துவிட வேண்டும், அதற்கு டாக்டர்கள் போதாது, பெண்களுக்கு இரண்டு வருஷம் பயிற்சி கொடுப்போம். அவர்கள் சுத்தம் மட்டும் செய்ய மாட்டார்கள், பிள்ளைகளுக்குப் பல் அடைப்பார்கள், பிடுங்கவும் செய்வார்கள்.

பல் டாக்டர்கள் சங்கத்தில் 1920இல் இதற்கு வாக்கெடுப்பு. ஆதரவு 16, எதிர்ப்பு 7. 1921இல் வெலிங்டனில் பயிற்சி ஆரம்பித்தது.

வெள்ளை உடுப்பு, தலையில் வெள்ளைத் துணி, குளிருக்குச் சிவப்பு ஸ்வெட்டர். இதுதான் அந்தப் பள்ளி டென்டல் நர்ஸ்களின் அடையாளம். மின்சாரம் இல்லாத இடத்தில் காலால் மிதித்து ஓட்டும் துளைக் கருவி. இதைக் கண்டுபிடித்தவர் மோரிசன் என்ற அமெரிக்கர், 1871இல். மிதி தையல் மெஷினைப் பார்த்து வந்த யோசனை. பாட்டி தையல் மெஷின் மிதிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். அதே சத்தத்தில் பல்லுக்குள் ஓட்டை போடுவதை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் அந்த கிளினிக்குகளுக்கு வைத்த பட்டப்பெயர் 'கொலை வீடு'. பாவம், நல்லது செய்யப் போனவர்களுக்கு இந்தப் பெயர்.

ஆனால் திட்டம் வேலை செய்தது. பல நாடுகள் பார்த்துக் கற்றுக்கொண்டன. 1949இல் பினாங்கில் இதே மாதிரி பயிற்சிப் பள்ளி வந்தது. மலேசியாவில் பள்ளிப் பிள்ளைகள் பல்லைக் காட்டும் டென்டல் நர்ஸ்கள் அந்த வழியில் வந்தவர்கள். 1951இல் நடைமுறைக்கு வந்த கொழும்புத் திட்டத்தின் வழியாக இந்தப் பயிற்சி இலங்கைக்கும் போனது. மகரகமவில் அதற்கான பள்ளி உருவானது. அதே சமயம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1949இல் இதைப் பரிசோதித்துப் பார்க்கச் சட்டம் போட்டது. டாக்டர்கள் சங்கங்கள் கொதித்தெழ, 1950இல் அந்தச் சட்டமே ரத்தானது. ஒரு வருஷம்கூட முழுதாகத் தாக்குப்பிடித்ததா என்பதே சந்தேகம்தான்.

நியூசிலாந்துக் கதையையும் முழு வெற்றி என்று எழுதிவிட முடியாது. பயிற்சி கொடுத்தார்கள், பெயர் கொடுத்தார்கள், சம்பளம் கொடுக்க மனம் வரவில்லை. பெண்கள்தானே, கல்யாணம் ஆனால் போய்விடுவார்கள் என்ற நினைப்பு. 1974இல் அந்த வெள்ளை உடுப்புப் பெண்கள் சம்பளம் கேட்டு நாடாளுமன்றத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். சான்றிதழ் இருந்தால் மட்டும் எல்லாம் தானாக நடந்துவிடாது. ஆனால் அவர்களால் ஊர்வலம் போக முடிந்தது. எல்லோருக்கும் ஒரே பயிற்சி, ஒரே உடுப்பு, ஒரே பெயர். தனித்தனி கிளினிக்கில் தனித்தனியாக நிற்கிற அக்காக்கள் யாரிடம் ஊர்வலம் போவார்கள்?

நாலு கை வைத்தியம்

அசிஸ்டென்ட் வேலையின் தன்மையே மாறியது 1957க்குப் பிறகுதான். அந்த வருஷம் காற்றழுத்தத்தில் ஓடும் ஏரோட்டர் என்ற துளைக் கருவி விற்பனைக்கு வந்தது. நிமிடத்துக்குச் சுமார் மூன்று லட்சம் சுற்று. அந்த வேகத்தில் பல் சூடாகி உள்ளே இருக்கும் நரம்பு கெட்டுவிடும், அதனால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் பீய்ச்சினால் வாய் நிறையும். அதை உறிஞ்ச ஒரு ஆள் வேண்டும். முன்பு உதவிக்கு இருந்தவர் இப்போது இல்லாமல் முடியாதவர் ஆகிவிட்டார்.

அதே காலத்தில் சாயும் நாற்காலியும் வந்தது. நோயாளி படுத்துக்கொண்டார், டாக்டர் உட்கார்ந்துகொண்டார். 1960களில் அமெரிக்க அரசு பணம் கொடுத்து, பல் மருத்துவ மாணவர்களுக்கு அசிஸ்டென்ட்டோடு சேர்ந்து வேலை செய்யவே பயிற்சி கொடுத்தது. இதற்கு 'நாலு கை' முறை என்று பெயர். இது ஒரு தனி சாஸ்திரம். நோயாளியின் முகத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள், நெற்றிப்பக்கம் 12 மணி. வலது கைக்காரரான டாக்டருக்கு 7 முதல் 12 வரை. அசிஸ்டென்ட்டுக்கு 2 முதல் 4 வரை. கருவிகள் கை மாறுவது 4க்கும் 7க்கும் நடுவில், அதாவது நோயாளியின் கண்ணுக்குக் கீழே, மார்புக்கு மேலே. அசிஸ்டென்ட் டாக்டரைவிட நாலைந்து அங்குலம் உயரமாக உட்கார வேண்டும். வலது கையில் சக்ஷன், இடது கையால் கருவி மாற்றுவது. ட்ரேயில் கருவிகள் எந்த வரிசையில் தேவைப்படுமோ அந்த வரிசையில் இடமிருந்து வலமாக.

இதைப் படித்தபோது முதல் வருஷத்தில் படித்த ஆடம் ஸ்மித்தின் குண்டூசித் தொழிற்சாலை ஞாபகம் வந்தது. வேலைப் பகுப்பு! வேலையைப் பிரித்தால் உற்பத்தி கூடும். ஆனால் குண்டூசித் தொழிற்சாலையில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறவனுக்கு மூளை மழுங்கும் என்று ஸ்மித்தே கவலைப்பட்டிருக்கிறார். அதற்கு அவர் சொன்ன மருந்தும் கல்விதான்.

தெரிவதும் புரிவதும்

அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்று டாக்டர் சொன்னாரே, அது எவ்வளவு உண்மை என்று அக்காவிடமே சோதித்துப் பார்த்தேன். அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

டாக்டர் 'முப்பத்தாறு' என்றால் எந்தப் பல் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஏன் 36? வாயை நான்காகப் பிரித்து, நோயாளியின் வலது மேல் பக்கம் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. பிறகு நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது பல். ஆக 36 என்பது கீழ் இடது பக்கத்து முதல் பெரிய கடைவாய்ப் பல். இதை நான் படித்துச் சொன்னபோது "அட, அதான் பாப்பாவுக்கு எழுபத்தஞ்சுன்னு சொல்றாங்களா!" என்றாள். பால் பற்களுக்கு 5 முதல் 8 வரை என்று நான் சொல்வதற்குள் அவளே பிடித்துவிட்டாள். ஆறு வருஷம் அந்த எண்களை எழுதியவளுக்கு இரண்டு நிமிஷம் யாரும் செலவழிக்கவில்லை.

ஜிங்க் பாஸ்பேட் சிமென்ட்டைக் கண்ணாடித் தட்டில் அகலமாகப் பரப்பி, பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்க வேண்டும் என்று தெரியும். கலக்கும்போது சூடு உண்டாகும், அந்தச் சூடு தட்டில் பரவிப் போகாவிட்டால் சிமென்ட் சீக்கிரம் இறுகிவிடும் என்ற காரணம் தெரியாது. வெயில் காலத்தில் ஏன் சொதப்புகிறது என்று திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

ஆட்டோகிளேவ் டேப்பில் கோடு கறுத்துவிட்டால் கிருமி செத்துவிட்டது என்று நினைத்திருந்தாள். அந்தக் கோடு, பொட்டலம் சூட்டைப் பார்த்தது என்று மட்டும்தான் சொல்லும். கிருமி உண்மையில் செத்ததா என்று தெரிய, வித்துக்களை உள்ளே வைத்துத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

கடைசியாக ஊசி. மூடியைக் கையில் பிடிக்கவே கூடாது. ட்ரேயில் படுக்க வைத்து, ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைத்து எடுக்க வேண்டும். குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே டாக்டரிடம் பதிவு செய்து, நோயாளியின் ரத்தத்தையும் சோதிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் சில மணி நேரத்தில், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். நாலு மாதம் கழித்து இல்லை. ஹெபடைடிஸ் பி-க்கு 1980களிலிருந்தே தடுப்பூசி இருக்கிறது. முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. அக்கா ஒன்றுகூடப் போட்டதில்லை. போட வேண்டும் என்று அவளிடம் யாரும் சொன்னதும் இல்லை.

ஒரு வேலை கைக்குப் பழகிவிடுவது வேறு. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் நோயாளியைக் காப்பாற்றவும் தெரிந்திருப்பது வேறு. பார்த்துப் பழகினால் முதலாவது வந்துவிடும். இரண்டாவது, யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால்தான் வரும்.

நம்ம ஊர் சட்டத்தில்

இந்தியாவில் பல் மருத்துவர்கள் சட்டம் 1948இல் வந்தது. அதில் டாக்டர் இருக்கிறார். பல்லைச் சுத்தம் செய்கிற ஹைஜீனிஸ்ட் இருக்கிறார், பல் செட் செய்கிற மெக்கானிக் இருக்கிறார், இருவருக்கும் பதிவேடும் உண்டு. நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு அந்தச் சட்டத்தில் அப்படி ஓர் இடம் இல்லை. அமெரிக்காவில் அசிஸ்டென்ட்களுக்குச் சான்றிதழ் வாரியம் வந்ததும் அதே 1948தான் என்பதை நினைத்தால் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. உதவியாளர்களுக்கான சான்றிதழ்ப் படிப்புகளும் இப்போது இருக்கின்றன. ஆனால் தெருமுனைக் கிளினிக்கில் இன்னும் 'பார்த்துப் பழகிக்கோ'தான் பாடத்திட்டம்.

இதற்கு டாக்டரை மட்டும் திட்டுவதும் நியாயம் இல்லை. சின்ன ஊரில், கடன் வாங்கி நாற்காலி வாங்கிய டாக்டருக்கு, பயிற்சி பெற்ற ஆளுக்குக் கொடுக்கச் சம்பளம் இருக்காது. அமெரிக்காவிலேயே சில மாநிலங்களில் முறையான படிப்பு இல்லாமல் இந்த வேலையில் சேரலாம். எல்லா ஊரிலும் இதே இழுபறிதான்.

திரும்பவும் கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் போய் என் பழைய கணக்கைக் கிழித்துப் போட்டேன். என்ன தப்பு செய்தேன் என்றால், செலவுப் பக்கம் எல்லாவற்றையும் எழுதினேன், வரவுப் பக்கம் சம்பள உயர்வை மட்டும் எழுதினேன். நாலு மாதத் தூக்கம் எந்தப் பக்கம் வரும்? வேறு ஊருக்குப் போனாலும் 'எனக்கு இது தெரியும்' என்று காட்ட ஒரு பேப்பர் இருப்பது எவ்வளவு பெறும்? இப்போதைய கிளினிக் நாளைக்கு மூடினால் அக்காவின் ஆறு வருஷ அனுபவம் அந்த டாக்டரின் வாய் வார்த்தையில் மட்டும்தான் இருக்கிறது. அக்கௌன்டன்சியில் இதையெல்லாம் எழுத வழி இல்லை. அதனால் மதிப்பு இல்லை என்று ஆகிவிடாது.

பெரியம்மா இன்னும் தயங்குகிறார். ஃபீஸுக்கு நகையை வைக்க வேண்டுமா என்று ஒரு கவலை, இந்த வயசில் படிப்பா என்று இன்னொரு கவலை. ஐரீன் நியூமன் கதையைச் சொன்னேன். "அவ வெள்ளைக்காரிடா" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை :-)

அக்கா மட்டும் அரை நாள் லீவு போட்டு ஹெபடைடிஸ் பி முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். கோர்ஸுக்கு அப்ளிகேஷன் வாங்கி வைத்திருக்கிறாள். கிளினிக்கில் சிரிஞ்சை ஒரே கையால் மூடுவதைப் பார்த்துவிட்டு டாக்டர், "இது எங்கே கத்துக்கிட்ட?" என்று கேட்டாராம். "என் தம்பி பி.காம் படிக்கிறான் சார்" என்று சொல்லியிருக்கிறாள்.

அடுத்த தடவை பல்லைக் காட்டப் போனால், சக்ஷன் பிடித்துக்கொண்டு நிற்கிறவரின் பெயரையும் கேட்டுவிட்டு வாருங்கள். டாக்டர் பெயர் போர்டிலேயே இருக்கும்.